அப்பாயியை வெளுக்காதீர்கள்

அப்பாயியின் பதினாறாம் நாள் காரியத்தன்று மாலை போட்டு வைத்திருந்த படத்தில் இருந்தது அப்பாயி இல்லை. இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வீடு நிறைய ஆட்கள், சமையலறையில் வடை வேகிற சத்தம், அழுது முடித்துக் களைத்துப்போன அத்தைகள். வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன்.

படத்தைத் தயார் செய்தவன் என் பெரியப்பா மகன். நல்ல பையன், பாசக்காரன், அதில் சந்தேகமில்லை. ஆல்பத்திலிருந்த 1989 பொங்கல் படத்தைக் கைப்பேசியில் பிடித்து, பழைய படங்களைப் புதுப்பிக்கும் ஏஐ செயலி ஒன்றில் போட்டிருக்கிறான். பத்து நொடி வேலை. உள்ளே போனது மங்கிய கறுப்பு முகம். வெளியே வந்தது சிவந்த மேனியும் வரிசைப் பற்களுமாக, காப்புறுதி விளம்பரத்தில் பேரனைக் கொஞ்சும் யாரோ ஒரு பாட்டி. வெற்றிலைக் காவி காணோம். தோட்டைக் கழற்றிய பிறகு காதில் நீண்டு தெரிந்த ஓட்டையைப் படத்தில் விழுந்த சேதம் என்று எடுத்துக்கொண்டு செயலி அதை அடைத்துவிட்டிருந்தது. அதைப் பார்த்து எங்கள் வீட்டில் எல்லாரும் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: "எவ்ளோ தெளிவா இருக்கு!"

தெளிவாகத்தான் இருந்தது. யார் என்பதுதான் தெரியவில்லை.

அன்று இரவு, ஃபேரர் பார்க்கில் நாங்கள் இருக்கும் வீவக வீட்டின் ஸ்டோர் ரூமில் இருந்து டேனிஷ் பிஸ்கட் டின் ஒன்றை எடுத்தேன். எல்லார் வீட்டிலும் அந்த நீல டின்னில் தையல் சாமான் இருக்கும். எங்கள் வீட்டில் சித்தப்பாவின் நெகட்டிவ்கள். 1986இலிருந்து 1995 வரை அவர் வைத்திருந்த சின்ன காம்பேக்ட் கேமராவில் எடுத்தவை. மூடியைத் திறந்ததும் ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி வினிகர் வாடை. அந்த வாடையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அது முக்கியம்.

அந்த வாரமே கேரோசெலில் 180 வெள்ளிக்கு ஒரு பழைய எப்சன் வி600 வாங்கினேன். செங்காங்கில் வாங்கி, வடகிழக்குத் தடத்தில் மடியில் வைத்துக்கொண்டே ஃபேரர் பார்க் வரை வந்தேன். பார்க்க சாதாரண ஆபீஸ் ஸ்கேனர்தான். வித்தியாசம் மூடியில். மூடிக்குள்ளும் ஒரு விளக்கு இருக்கிறது. அதை மறைத்திருக்கும் வெள்ளைப் பலகையை உருவிவிட்டால் ஒளி மேலிருந்து ஃபிலிமை ஊடுருவிக் கீழே இறங்கும். பலகையை உருவ மறந்துவிட்டு ஸ்கேனர் கெட்டுப்போனதாக நினைத்து அரை மணி நேரம் வீணாக்கினேன். நான் பொறியியல் பட்டதாரி என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் அந்த 1989 பொங்கல். ஆல்பத்துப் பிரிண்ட்டில் இருப்பது இவ்வளவுதான்: வெள்ளையடித்த சுவர், வெள்ளைச் சேலை (தாத்தா போய்விட்டிருந்தார்), நடுவில் இரண்டு கண் மட்டும் மினுங்கும் ஒரு கறுப்புத் திட்டு. நெகட்டிவை ஸ்கேன் செய்து திருப்பியதும் அந்தத் திட்டுக்குள் ஒரு முகம் இருந்தது. கன்னத்துக் குழி, மேலுதட்டு மயிர், நெற்றியில் மூன்று கோடாகத் திருநீறு, சிரிப்பை அடக்குகிற வாய். முப்பத்தைந்து வருஷமாக அது அந்த டின்னுக்குள்தான் இருந்திருக்கிறது. ஆல்பத்தைப் புரட்டுகிற ஒவ்வொரு முறையும் நாங்கள் ஒரு திட்டைப் பார்த்து "அப்பாயி" என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஏன் அப்படி? கேமராவின் தப்பு இல்லை. சித்தப்பாவின் தப்பும் இல்லை. பிரிண்ட் போட்ட இயந்திரம் அப்படித்தான் யோசிக்கும். ஒரு சராசரிப் படத்தின் எல்லா வண்ணத்தையும் கலந்தால் சாம்பல் நிறம் வரும் என்பது கோடாக்கின் ரால்ஃப் எவன்ஸ் 1951இல் காப்புரிமை பெற்ற யோசனை. பிரிண்ட்டிங் இயந்திரங்கள் பலவும் இந்தக் கணக்கில்தான் ஓடின. படத்தில் வெள்ளை அதிகம் என்றால் இயந்திரம் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், அதாவது மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். புல்வெளியில் நிற்கும் வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவரும். வெள்ளைச் சுவர், வெள்ளைச் சேலை, கறுப்பு முகம் என்றால் முதலில் பலியாவது முகம். லேப்காரர்கள் இதற்குத் தனியாக ஒரு பெயரே வைத்திருந்தார்கள்: சப்ஜெக்ட் ஃபெய்லியர். இயந்திரம் தோற்றால் அதன் பெயர் சப்ஜெக்டின் தோல்வி!

இயந்திரத்தைச் சரிபார்க்க லேப்களுக்கு ஓர் அட்டை வந்தது என்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். 1950களிலிருந்து கோடாக் அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் நின்ற மாடலின் பெயரால் அதற்கு 'ஷெர்லி அட்டை' என்று பெயர். ஷெர்லியின் தோல் சரியாக வந்துவிட்டால் உலகம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். கனடாவின் லோர்னா ராத் 2009இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அதில் என்னைத் தூங்கவிடாத செய்தி ஒன்று உண்டு. பழுப்பு நிறங்களைப் பிரித்துக் காட்டும்படி கோடாக் தன் ஃபிலிமைத் திருத்த முனைந்ததற்கு மரச்சாமான் கம்பெனிகளும் சாக்லேட் கம்பெனிகளும் புகார் செய்தது ஒரு காரணமாம். ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை, டார்க் சாக்லேட்டும் மில்க் சாக்லேட்டும் ஒரே மாதிரி இருக்கின்றன என்று. மேசை புகார் செய்தது. அப்பாயி செய்யவில்லை.

சரி, கோடாக்கைத் திட்டியாகிவிட்டது. இத்தோடு நிறுத்தினால் எல்லாரும் கைதட்டுவீர்கள், காலனியம் என்று ஒரு வார்த்தை சேர்த்துப் பகிர்வீர்கள். நிறுத்தமாட்டேன். ஏனென்றால் வெளுப்பதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

நம் ஊர் ஸ்டூடியோக்களில் ரீடச் என்று ஒரு வேலை இருந்தது. கூராகச் சீவிய பென்சிலால் நெகட்டிவின் மேலேயே, முகத்தின் மீது, மெல்ல மெல்லக் கோடிழுப்பார்கள். நெகட்டிவில் பென்சில் படிந்த இடம் ஒளியைத் தடுக்கும், ஆகவே பிரிண்ட்டில் வெளுப்பாக வரும். அம்மைத் தழும்பு மறையும், சுருக்கம் மறையும், கல்யாணத்துக்குக் காட்டவேண்டிய பெண் இரண்டு மூன்று ஷேடு ஏறுவாள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஸோயி ஹெட்லியின் குழு, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிப் போய் அவற்றின் படங்களை எண்மியமாக்கியது. அந்த மாதிரித் தொகுப்புகளைப் பார்க்கும்போது நாம் ரசிப்பது திரைச்சீலைகளையும் ஓவிய மாடிப்படிகளையும். முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எத்தனை முகம் ஒளியால் ஆனது, எத்தனை முகம் பென்சிலால் ஆனது? ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது. என் பெரியப்பா மகனின் செயலிக்கு அந்தப் பழைய பெயரை வைக்கலாம், சும்மாதான் கிடக்கிறது.

அந்தப் பென்சிலுக்காவது ஒரு கை இருந்தது, அந்தக் கைக்கு ஒரு கூச்சம் இருந்தது. செயலிக்கு அது கிடையாது. அது முகத்தைத் திருத்துவதில்லை. தான் பார்த்த கோடிக்கணக்கான முகங்களிலிருந்து ஒன்றைச் செய்து, உங்கள் பாட்டி இருந்த இடத்தில் ஒட்டுகிறது. ஆகவே வெளுக்காதீர்கள் என்று நான் சொல்வது அழகுணர்ச்சி சார்ந்த வேண்டுகோள் இல்லை. ஆள்மாறாட்டம் செய்யாதீர்கள் என்கிறேன்.

இந்த இடத்தில் என்னையும் காட்டிக்கொடுத்துவிடுகிறேன். முதல் நாள் ஸ்கேனில் நானே வெளுத்தேன். எனக்குத் தெரியாமல். ஸ்கேனர் மென்பொருளைத் திறந்தால் எல்லாம் ஆட்டோவில் நிற்கும். ஆட்டோ எக்ஸ்போஷர், கலர் ரெஸ்டொரேஷன், பேக்லைட் கரெக்ஷன், கிரெயின் ரிடக்ஷன், அன்ஷார்ப் மாஸ்க். ஒவ்வொன்றும் உதவி செய்ய வந்த உறவுக்காரர் போல. முதலில் எனக்குக் கிடைத்த அப்பாயியின் முகம் சாம்பல் பூத்திருந்தது. மஞ்சள் பல்பு வெளிச்சமும் பழுப்புத் தோலும் சேர்ந்த படத்தை ஆட்டோ "ரொம்பச் சூடாக இருக்கிறது" என்று முடிவு செய்து நீலத்தின் பக்கம் இழுத்துவிட்டது. எல்லாவற்றையும் கலந்தால் சாம்பல் என்கிற அதே 1951 யோசனை, எழுபது வருஷம் கழித்து என் மேசைமேல், யூஎஸ்பி கேபிள் வழியாக. சேலையோ மடிப்பே இல்லாமல் ஒரே வெள்ளையாக வெடித்திருந்தது.

பிறகு எல்லாவற்றையும் அணைத்தேன். வண்ணத் திருத்தம் இல்லை. 48 பிட் நிறம். ஹிஸ்டோகிராமின் இரண்டு முனையும் வெட்டுப்படாமல் தளர விட்டு, டிஃப் கோப்பாகச் சேமிப்பு. அப்படி வரும் கோப்பு பார்க்க அசிங்கமாக இருக்கும், மங்கலாக, உப்புச்சப்பில்லாமல். அதுதான் வேண்டும். ருசி பிறகு நாம் சேர்த்துக்கொள்ளலாம், ஸ்கேனரில் வெட்டுப்பட்டது திரும்பி வராது. வண்ண நெகட்டிவ் முழுக்கப் படர்ந்திருக்கும் ஆரஞ்சு நிறம் அழுக்கு இல்லை. சாயங்களின் குறையை ஈடுகட்ட உற்பத்தியிலேயே வைத்த முகமூடி அது. அதைக் கழித்துவிட்டு நிறத்தைச் சரிசெய்ய, படத்தில் நடுநிலையான நிறம் கொண்ட ஏதாவது ஒரு புள்ளி வேண்டும். தொழில்காரர்கள் இதற்குச் சாம்பல் அட்டை என்று ஒன்றை வைத்திருப்பார்கள். எனக்கு அப்பாயியின் நெற்றி கிடைத்தது. திருநீற்றின் மேல் சொட்டான் கருவியை வைத்து ஒரு கிளிக். சுவர் சுவராயிற்று, வெல்லம் வெல்லமாயிற்று, தோல் தோலாயிற்று. துல்லியமான முறை என்று சத்தியம் செய்யமாட்டேன். ஷெர்லியை நம்புவதைவிட இது மேல்.

தூசிக்கு ஒரு வார்த்தை. டிஜிட்டல் ஐஸ் என்ற வசதி அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டுபிடிக்கும். வண்ண நெகட்டிவின் சாயம் அந்த ஒளியை விட்டுவிடும், தூசியும் கீறலும் மறிக்கும், ஆகவே வேலை செய்யும். பழைய கறுப்பு வெள்ளையில் போடாதீர்கள். அங்கே படமே வெள்ளித் துகள்தான், வெள்ளியும் அகச்சிவப்பை மறிக்கும், முகத்தையே தூசி என்று நினைத்துத் துடைத்துவிடும். மற்றபடி ஃபேனை அணையுங்கள், ஊதுபந்து வைத்து ஊதுங்கள், டீசர்ட் முனையால் துடைக்காதீர்கள். ஃபிலிமின் சுருளைச் சரிசெய்ய உறையோடு கனமான புத்தகத்தின் கீழே ஒரு வாரம் வையுங்கள். நான் வெண்முரசு தொகுதி ஒன்றைப் பயன்படுத்துகிறேன். அதன் கனத்தை இதற்கு முன் இவ்வளவு உணர்ந்ததில்லை.

இனி எதிர்ப்புகள். ஃபிலிம் ஆர்வலர் நண்பர் ஒருவர் சிரித்தார்: "பிளாட்பெட்டா? மேக்ரோ லென்ஸ் போட்டு கேமராவுல எடு ப்ரோ." அவர் சொன்னது வாஸ்தவம். பெட்டியில் 6400 டிபிஐ என்று இருக்கும், சுயேச்சையான சோதனைகளில் இந்த ஸ்கேனர் உண்மையில் பிரித்துக் காட்டுவது 1,600க்குக் கிட்டத்தில். கணக்குப் போட்டால் 35 மிமீ ஃபிரேம் ஒன்றுக்கு மூன்றரை மெகாபிக்சல் தகவல். நான் 2,400இல் ஸ்கேன் செய்கிறேன், ஒரு டிஃப் 46 எம்பி, 36 ஃபிரேம் ரோல் ஒன்றுக்கு சுமார் 1.7 ஜிபி. அப்பாயியின் கன்னக் குழிக்கு அது போதும். கேமரா, லென்ஸ், ஸ்டாண்டு, லைட் பேனல் என்று ஆயிரம் வெள்ளிக்கு மேல் செலவழிக்க முடிந்தவர்கள் செலவழியுங்கள், வாழ்த்துகள். நான் பேசுவது ஸ்டோர் ரூமில் டின் இருக்கிற வீடுகளைப் பற்றி. பிளாட்பெட்டின் மெதுவான வேகம்கூட எனக்குச் சாதகம்தான். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு ஃபிரேம். ஐஸ் போட்டால் ஒவ்வொன்றுக்கும் சில நிமிஷம். அந்த நேரத்தில் முந்தைய படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அப்படி உட்கார்ந்தபோதுதான் வரிசை கண்ணில் பட்டது. ஆல்பத்தில் இருப்பது தேர்ந்தெடுத்த படங்கள். நெகட்டிவில் இருப்பது நடந்த வரிசை. அப்பாயி சிரிப்பை அடக்கும் ஃபிரேம் 11. ஃபிரேம் 10இல் அம்மா பானைக்குப் பக்கத்தில் குனிந்து பால் பொங்குவதைக் கவனிக்கிறார். ஃபிரேம் 12இல் பானை கவிழ்ந்து கிடக்கிறது, எல்லாரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள், அப்பாயி வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறார். 12 ஆல்பத்தில் இல்லை. பொங்கலன்று பானை கவிழ்ந்த படத்தை எவர் ஒட்டுவார்கள்? 2007இல் நியூயார்க் வந்துசேர்ந்த 'மெக்சிகன் சூட்கேஸ்' நினைவுக்கு வந்தது. ராபர்ட் காபா, கெர்டா டாரோ, சிம் மூவரும் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் எடுத்த சுமார் 4,500 நெகட்டிவ்கள். எந்தப் படத்தை யார் எடுத்தார் என்பதில் இருந்த குழப்பம் பலவற்றை அந்த ரோல்களின் வரிசைதான் தீர்த்தது. எங்கள் வீட்டில் தீர்ந்தது பொங்கல் பானையின் வரலாறு. அளவு சின்னது, வேலை ஒன்றே.

அடுத்து என் வயசுக்காரர்கள். உங்களைத்தான். பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் ஒரு ரோல் வாங்க இருபது வெள்ளிக்கு மேல் கொடுக்கிறீர்கள், அதைக் கழுவ இன்னும் காசு கொடுக்கிறீர்கள். லேப் ஜேபெக்கை லிங்காக அனுப்பியதும் இன்ஸ்டாவில் போடுகிறீர்கள். நெகட்டிவை யார் போய் வாங்குகிறார்கள்? என் நட்பு வட்டத்தில் கேட்டேன். ஏழு பேரில் ஐந்து பேர் "டிஸ்கார்ட் பண்ணச் சொல்லிட்டேன்" என்றார்கள். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட ஏட்டுச்சுவடிகளுக்காகக் கண்ணீர் விடுகிற வாசகர்கள் இவர்கள், உ.வே.சா. என்றால் கையெடுத்துக் கும்பிடுகிறவர்கள். லேப் அனுப்புகிற ஜேபெக் ஒரு பதிப்பு ஐயா. யாரோ ஒரு ஊழியர் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவசரமாகப் போட்ட பதிப்பு. சுவடி அந்த நெகட்டிவ்தான். பதிப்பு கையில் இருக்கிறது என்று சுவடியை ஆற்றில் விடுவது யார் செய்த வேலை என்று நாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தோம்.

சிங்கப்பூரில் நாம் ஆவணப்படுத்தலில் பின்தங்கியவர்களும் இல்லை. 2015இல், பொன்விழா ஆண்டில், 1965க்குப் பிந்தைய ஐம்பது ஆண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தில் சுமார் 350 நூல்களைத் தொண்டூழியர்கள் சேர்ந்து எண்மியமாக்கி தேசிய நூலக வாரியத்துக்குக் கொடுத்தார்கள். பெருமைப்பட வேண்டிய வேலை. அதே ஆண்டுக்குள் 50 லட்சம் நினைவுகளைச் சேர்ப்பதாக சிங்கப்பூர் மெமரி திட்டமும் இலக்கு வைத்திருந்தது. நூலும் நினைவும் சரி, டின்னுக்குள் இருப்பதை யார் கேட்டார்கள்? ஓர் அமைப்பு கண்காட்சிக்காகப் பழைய படம் கேட்டது. நான் சித்தப்பா எடுத்த ஃபேரர் பார்க் மைதானத்துப் படங்கள் ஆறை அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பனியனோடு பந்து விளையாடும் சித்தப்பாவின் சிநேகிதர்கள், ஓரத்தில் சைக்கிள். "கலாசாரம் தெரியற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று பதில் வந்தது. பொங்கல் படத்தை எடுத்துக்கொண்டார்கள். போஸ்டரில் வந்தபோது, சொல்லணுமா, ஷேடு ஏறியிருந்தது.

ஃபேரர் பார்க் என்று தேடிப் பாருங்கள். 1842இலிருந்து 1933 வரை குதிரைப் பந்தயத் திடல் வரும். 1911இல் சிங்கப்பூரின் முதல் விமானம் பறந்த இடம் என்று வரும். 1942 பிப்ரவரி 17, சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்ட மைதானம் என்று வரும். எல்லாவற்றிலும் நாம் கூட்டமாக, தூரத்தில் இருக்கிறோம். பனியன் போட்ட ஒரு ஆளாகப் பெயரோடு இருப்பது சித்தப்பாவின் நெகட்டிவில் மட்டும். அந்தத் திடலில் சுமார் 1,600 வீடுகள் வரும் என்று 2021இல் அறிவித்தார்கள். வீடு வரட்டும், வீடு வேண்டியதுதான். அந்த ஆறு ஃபிரேமையும் நான் இரண்டு தடவை ஸ்கேன் செய்துவிட்டேன்.

வினிகர் வாடையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். நெகட்டிவின் அடித்தளம் அசிடேட். சூடும் ஈரமும் பட்டால் அது அசிட்டிக் அமிலத்தைக் கக்கும், கக்கிய அமிலமே மேலும் கக்க வைக்கும். மூடிய டின்னில் ஒரு துண்டு ஆரம்பித்தால் பக்கத்துத் துண்டுகளுக்கும் தொற்றும். ராச்செஸ்டரில் உள்ள இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் கணக்குப்படி 21 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்த புது ஃபிலிமுக்கே இந்தச் சிதைவு தொடங்க ஏறத்தாழ 40 ஆண்டுதான். நம் ஊரில் ஈரப்பதம் சராசரி 80ஐத் தாண்டும், வெயிலைச் சொல்லவே வேண்டாம். 1986ஐ நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். டின்னைத் திறந்து வையுங்கள், நாறுகிற துண்டைத் தனியாக எடுங்கள், மிச்சத்தை டிரை கேபினெட்டிலோ சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவிலோ வையுங்கள். நாறுவதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

ஃபிரேம் 11ஐ அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. "அத்தை இப்படித்தாண்டா இருந்தாங்க" என்றார். பிறகு கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, சுவரில் தொங்கிய காலண்டரையும் கதவோரம் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண்ணையும் அடையாளம் கண்டுபிடித்தார். அவளுக்கு இப்போது பேரன் இருக்கிறானாம். ஃபிரேம் 10க்கு வந்தபோது முகம் மாறியது. "என்னை ஏன்டா இவ்ளோ கறுப்பா வச்சிருக்கே? கொஞ்சமா வெளுப்பாக்கேன்."

மேலே இவ்வளவு எழுதியிருக்கிறேன் இல்லையா. கொஞ்சம் ஏற்றினேன். டிஃப் கோப்பில் இல்லை, அம்மாவின் வாட்ஸ்அப்புக்குப் போன ஜேபெக்கில் மட்டும். பெரியப்பா வீட்டு ஹாலில் இன்னும் அந்தக் காப்புறுதிப் பாட்டிதான் மாலையோடு இருக்கிறார். ஃபிரேம் 11ஐப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு உறையில் வைத்திருக்கிறேன், முதல் திதிக்கு எடுத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன். பெரியப்பா மகனிடம் இன்னும் சொல்லவில்லை.